பதினான்காம் எலியின் டியூப்

போன மாதம் தர்சினி தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினாள். நான் ஓய்வுபெற்ற பிறகு ஆய்வுகூடத்தில் என் மேசையில் இருப்பவள் அவள். படத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள், மேலே நீல மூடி.

"அக்கா, அத்தான் வெளிநாட்டில இருந்து எடுப்பிச்சிருக்கிறார். முழங்கால் நோவுக்காம். கரைச்சுத் தா எண்டு காலமையில இருந்து என்ர பின்னால திரியிறார்."

"குப்பியில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன். 

"ஆராய்ச்சிக்கு மட்டும் எண்டு."

"அத்தான் என்ன, ஆராய்ச்சியோ?"

சிரிக்கும் முகங்கள் நாலைந்து வந்தன. பிறகு, "நான் சொன்னாக் கேக்கமாட்டார் அக்கா. நீங்கள் ஒருக்கா எழுதித் தாங்கோ. புதுசா வந்த பிள்ளையளும் வாசிக்கட்டும்" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். குப்பியை எப்படித் திறப்பது, எதில் கரைப்பது, எந்தக் குளிரில் வைப்பது என்று பதினாறு வருடச் செய்முறை எல்லாம் வரிசையாக நினைவில் இருக்கிறது. ஆனால் எங்கிருந்து தொடங்கினாலும் கதை ஒரு காலில் போய் நிற்கிறது. எங்கள் எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட ஹனிபா காக்காவின் மனைவி ஆமினா ராத்தாவின் இடது கால் அது. ஆகவே அதையே எழுதுகிறேன். அத்தானும் வாசிக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்தவள். படித்து முடித்து ஊருக்கு வந்து, இறால் ஏற்றுமதி செய்யும் ஓர் இடத்தில் பதினொரு வருடம் இறாலில் கிருமி எண்ணினேன். ஒரு இறாலும் நன்றி சொன்னதில்லை. அதன் பிறகுதான் உட்துறைமுகக் கரையில், பழைய பங்களா ஒன்றில் தொடங்கிய சின்ன ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்தேன். முன் ஜன்னலைத் திறந்தால் கப்பல் தெரியும். பின் ஜன்னலைத் திறந்தால் மான்கள் வந்து எங்கள் செவ்வரத்தையைத் தின்றுகொண்டு நிற்கும். இரண்டு ஜன்னலையும் திறக்கக் கூடாது என்பது முதலாவது விதி.

அத்தானின் குப்பியில் இருப்பது போன்ற பெப்டைட் என்பது புரதத்தின் சிறு துண்டு. சில அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி. உடம்பில் காயம் பட்ட இடத்துக்கு இப்படியான சங்கிலிகள் செய்தி கொண்டுபோகின்றன. இங்கே வந்து தோலைக் கட்டு, இரத்தக் குழாயைக் கொண்டுவா என்று. அப்படி ஒரு சங்கிலியை வெளியில் செய்வித்து எடுத்து, நீரிழிவு வந்த எலியின் காயத்தில் இட்டால் காயம் விரைவாக மூடுமா என்பது எங்கள் கேள்வி. கேள்வி என்பதை அடிக்கோடிட்டு வாசிக்கவும். பதில் கிடைத்தவர்கள் அதை மருந்து என்று விற்பார்கள். நாங்கள் கேள்வி வைத்திருந்தவர்கள்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் சுகந்தி. நிலாவெளிக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். என்னை அக்கா என்பார். நான் அவரை டொக்டர் என்பேன். யார் யாருக்குப் பெரியவர் என்ற குழப்பம் அத்தோடு தீர்ந்தது. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஒரு பிழையைப் போய்ச் சொன்னால், "பிறகு?" என்பார். நடந்ததைச் சொன்னால் மறுபடியும் "பிறகு?". கடைசியில் நாங்கள் மறைக்க நினைத்ததும் வாயில் வந்துவிடும். அப்போது, "எழுதுங்கோ அக்கா" என்று பதிவேட்டை என் பக்கம் தள்ளுவார். ஏச்சு வாங்குவது இதைவிட இலேசாக இருந்திருக்கும்.

முதல் குப்பியை நான் கெடுத்தேன். உறையவைத்து உலர்த்திய தூள் அது. மைனஸ் இருபது பாகையிலிருந்து எடுத்த கையோடு மூடியைத் திறந்துவிட்டேன். நம்முடைய ஊர்க் காற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது காயப்போட்ட சேலைக்குத் தெரியும். குளிர்ந்த கண்ணாடியின் உட்புறம் நொடியில் வியர்த்தது. பஞ்சு போலிருந்த தூள் சுருங்கிப் பிசினாக அடியில் ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம் காத்திருந்து தருவித்த குப்பி. டொக்டர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அடுத்த குப்பியை எடுத்து, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட கண்ணாடிச் சட்டியில் வைத்து மூடி, எனக்கு எதிரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்பது நிமிடம் இருவரும் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குப்பி அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் மூடியில் கை வைக்க விட்டார்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். திறக்குமுன் குப்பியைச் சுழற்றும் இயந்திரத்தில் ஒரு சுற்று விட்டு, மூடியில் ஒட்டிய தூளை அடிக்கு இறக்க வேண்டும். கரைசலைத் தூளின் தலையில் ஊற்றக்கூடாது. சுவரோரமாக வழியவிட வேண்டும். குலுக்கக்கூடாது, நுரைத்தால் சங்கிலி குலையும். உள்ளங்கையில் வைத்து மெல்லச் சுழற்றினால் போதும். கரைந்ததும் ஒருநாள் தேவைக்கு ஒரு டியூப் என்று பங்கிட்டு, திகதி எழுதி உறையவைக்க வேண்டும். ஒருமுறை உருகிய டியூப் மறுபடி உறைபெட்டிக்குப் போகாது. மிச்சம் இருந்தாலும் எறிய வேண்டியதுதான். சிக்கனமான வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி விதிதான் கஷ்டம்.

ஹனிபா காக்கா குறிஞ்சாக்கேணியில் இருந்து வருவார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை ராத்தா. இளமையில் படகில் போனவர். முதுகு பிடித்துக்கொண்டதால் கரைக்கு வந்து எங்கள் எலிக்கூடத்தில் சேர்ந்தார். எலியைக் கையில் எடுத்தால் அது உடனே அடங்கிவிடும். நான் எடுத்தால் கடிக்கும்.

மின்வெட்டுக் காலத்தில் ஒருநாள் காலையில் போன கரண்ட் வரவேயில்லை. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. ஊரில் யாருக்கும் இல்லை. உறைபெட்டியின் முள் மெல்ல மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நான் நிற்க, காக்கா சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன்துறைக்குப் போனார். இரண்டு சாக்கு ஐஸும் ஒரு பை கல்லுப்பும் கொண்டுவந்தார்.

"வெறும் ஐஸ் காணாது மிஸ். உப்புப் போட்டு இறுக்கணும். அப்பதான் மீன் கல்லாகும்" என்று றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பெட்டியில் அடுக்கடுக்காகப் போட்டு நடுவில் எங்கள் டியூப்களைப் புதைத்தார். கல்லூரியில் நான் சமன்பாடாகப் படித்ததை அவர் கையால் செய்தார். சாயந்தரம் கரண்ட் வரும்வரை பெட்டியின் மூடி மேல் உட்கார்ந்து, எங்களை ஒருதரம்கூடத் திறந்து பார்க்க விடவில்லை.

"கைப்புள்ளையப் பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்களே மிஸ். அப்ப இது பெரிய மருந்துதான்" என்றார்.

"மருந்தோ எண்டு இன்னும் தெரியாது காக்கா. அதைத்தான் பாக்கிறம்."

"தெரியாததுக்கா இவ்வளவு ஐஸ்?"

நான் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு அன்றே உட்கார்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த வருடம் பெரிய ஆய்வு தொடங்கியது. இருபத்துநான்கு எலிகள். பாதிக்குப் பெப்டைட் கரைசல், பாதிக்கு அதே கரைசல் பெப்டைட் இல்லாமல். அதாவது உப்புத் தண்ணீர் என்று சொல்லலாம். எந்த எலிக்கு எது என்று காயத்தை அளக்கும் எனக்கோ எலியைப் பிடிக்கும் காக்காவுக்கோ தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும். கண்கட்டிய ஆய்வு என்பது இதைத்தான். ஆகவே நான் கரைத்துக் கொடுத்ததை டொக்டர் தனியாக அறையைப் பூட்டிக்கொண்டு பங்கிட்டு, ஒவ்வொரு டியூபிலும் எலியின் இலக்கத்தை மட்டும் எழுதினார். எந்த எலிக்கு எது போகிறது என்ற விபரத்தை எலிக்கு ஒன்றாக இருபத்துநான்கு உறைகளில் வைத்து ஒட்டி, தன் அலுமாரியில் பூட்டினார். ஆய்வு முடியும்வரை உறை திறக்கப்படாது. ஆபத்து நேரத்தில் தேவையான ஒன்றை மட்டும் திறக்கலாம். திறந்தால் அந்த எலி கணக்கிலிருந்து போய்விடும்.

ஐந்தாவது வாரம் ஒரு காலைப்பொழுதில் நான் பிப்பெட்டோடு இருந்தபோது காக்கா கதவோரம் வந்து நின்றார்.

"மிஸ், எண்ட பொஞ்சாதிட கால்ல ஒரு புண். பெருவிரலுக்கு அடியில. சீனி வருத்தம் இருக்கிற ஆள்."

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ காக்கா."

"போகமாட்டாளாம். அவட ராத்தாக்கு முழங்காலோட எடுத்தது. புண்ணைக் காட்டப் போனவளக் கட்டில்லதான் கொண்டுவந்தாங்க எண்டு சொல்றாள்." எலிக்கூடத்தின் பக்கம் பார்த்தார். "மிஸ், எலிக்கும் சீனிதானே?"

"அது மனிசருக்கு இல்லை காக்கா."

பதில் சரியானது. குப்பியிலே அச்சடித்திருந்த பதில். ஆனால் அதைச் சொல்லும்போது நான் பிப்பெட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் போன சத்தமும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் உறைபெட்டியை எண்ணுவோம். மறு வெள்ளிக்கிழமை எண்ணினேன். பதினான்காம் எலிக்கு நாலு டியூப் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. தட்டை வெளியே எடுத்தேன். பனியைச் சுரண்டினேன். குப்பைப் பையையும் கொட்டிப் பார்த்தேன். உறைபெட்டியின் திறப்பு கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில்தான் தொங்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எலிக்கூடத்துக்குப் போனேன். காக்கா உமியைச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தார்.

"காக்கா, பதினாலிட டியூப் ஒண்டைக் காணேல்லை."

சுளகைக் கீழே வைத்தார். "நாந்தான் எடுத்தன் மிஸ். திங்கக்கிழம."

நான் எலித்தீன் மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

"எங்க வச்சிருக்கிறியள்?"

"வீட்டுப் பிரிட்ஜில. மீனோட வைக்கல்ல மிஸ், முட்டை வைக்கிற இடத்தில." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குலுக்கவும் இல்ல. கோழியிறகால மெல்லமாத்தான் தடவினன்" என்றார்.

அத்தனை விதியையும் கதவோரம் நின்று கற்றிருக்கிறார். மனிதருக்குக் கூடாது என்ற ஒன்றைத் தவிர.

"எத்தினை நாள்?"

"அஞ்சு நாள். காலையிலயும் மாலையிலயும். ஆறுது மிஸ். மணம் கொறஞ்சிட்டு. நேத்து அவள் சிரிச்சாள். இனி ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காதீங்க எண்டிட்டாள்."

"ஏன் பதினாலு?"

"அதுதானே முதல்ல ஆறுது! நீங்க வெள்ளிக்கிழமையில அளக்கிறீங்க. நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறன். பதினாலுக்குத்தான் மருந்து போகுது எண்டு ரெண்டாம் கிழமையே எனக்கு வெளங்கிட்டு."

மேசைக்குத் திரும்பிப் பதிவேட்டைத் திறந்தேன். பதினான்கு, ஒரு டியூப், கை தவறி உடைந்தது. இவ்வளவும் எழுத ஒரு நிமிடம் போதும். காக்காவின் வேலை தப்பும். இத்தனை வார வேலையும் தப்பும். பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. பதினாறு வருடத்தில் நான் பொய் எழுதவில்லை என்று பெருமையடிக்க ஆசைதான். எழுதவில்லை என்பதற்கு ஒரே காரணம், அப்போது டொக்டர் உள்ளே வந்ததுதான்.

"என்னக்கா, பேனை எழுதேல்லையோ?"

சொன்னேன். "பிறகு?" என்றார். காலைப் பற்றிச் சொன்னேன். "பிறகு?" பிப்பெட்டிலிருந்து கண்ணை எடுக்காததையும் சொன்னேன். வழக்கம்போலப் பதிவேட்டை என் பக்கம் தள்ளுவார் என்று காத்திருந்தேன். அவர் தள்ளவில்லை. அலுமாரித் திறப்பைத் தேடினார்.

"காக்காவைக் கூப்பிடுங்கோ. பதினாலைத் திறக்கப்போறன்."

"எது இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குத்தானே டொக்டர் போகவேணும்? ஏன் திறந்து வீணாக்கிறியள்?"

"அங்க பாக்கிற வைத்தியர் கேப்பார், என்ன பூசினது எண்டு. தெரியாது எண்டு நாங்கள் சொல்ல ஏலாது. இதுக்குத்தான் அக்கா உறையை ஒவ்வொண்டாப் போட்டது."

மூன்று பேரும் நின்றோம். டொக்டர் உறையின் ஓரத்தைக் கத்தரித்து, உள்ளே இருந்த துண்டை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். வெறும் கரைசல்.

காக்கா எழுத்தைக் கூட்டி வாசித்தார். என்னைப் பார்த்தார். "வெறும் எண்டா?"

"மருந்து இல்லை காக்கா. உப்புத் தண்ணி."

"ஏலாது டொக்டர்! மாறிப் போட்டிருப்பீங்க. அந்த எலிக்குத்தானே முதல்ல ஆறினது!"

டொக்டர் ஒரு கதிரையைக் காட்டினார். காக்கா உட்காரவில்லை. "பதினாலை நீங்கள் எப்பிடிப் பாக்கிறனீங்கள் காக்கா? சும்மா சொல்லுங்கோ" என்றார் டொக்டர்.

"மத்ததுகளப் போலதான்."

"பிறகு?"

"அது மல்லாந்து படுக்கிற எலி டொக்டர். புண்ணு உமியில படும். பாவமா இருந்திச்சு. அதுக்கு மட்டும் காலையிலயும் மாலையிலயும் உமி மாத்துவன்."

"பிறகு?"

"வெயில்ல காயப்போட்ட உமி. தூசி போகப் புடைச்சு..." அவர் குரல் தானாகவே நின்றது.

மற்ற இருபத்துமூன்றுக்கும் விதிப்படி வாரத்துக்கு இரண்டு முறை உமி மாற்றுவது. எல்லாக் கூட்டையும் ஒரேமாதிரிப் பார்க்க வேண்டும் என்று சுவரில் நானே எழுதி ஒட்டியிருந்தேன். காக்காவுக்கு அது ஓர வஞ்சனை கூடாது என்ற புத்திமதியாகப் பட்டிருக்க வேண்டும். கஷ்டப்படுகிறவருக்குக் கொஞ்சம் கூடச் செய்வது எந்த ஊரில் வஞ்சனை?

அன்பே மருந்து என்று இதை யாரும் வாசிக்க வேண்டாம். காய்ந்த படுக்கை, சுத்தமான காயம். அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருப்பது. முதல் பக்கத்தைத்தான் படித்தவர்கள் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

பதிவேட்டில் பிறகு எழுதலாம் என்றார் டொக்டர். அவர் அப்படிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஆட்டோ பிடித்துக் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிக் காக்காவின் வீட்டுக்குப் போனோம்.

ஆமினா ராத்தா முன் அறையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் தையல் வேலையோடு இருந்தார். மெலிந்த, கண் துருதுருவென்ற பெண். எங்களைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்க டொக்டர், வாங்க மிஸ். உங்கட மருந்து நல்லா வேல செய்யுது" என்று சிரித்தார்.

நான் துணியை விலக்கிப் பார்த்தேன். மணம் குறையவில்லை. காக்கா பழகிவிட்டார். பெருவிரலும் அடுத்ததும் கறுத்திருந்தன. சிவப்பு, பாதத்தின் மேலே ஏறத் தொடங்கியிருந்தது. எலியின் முதுகில் இப்படி ஒன்றைக் கண்டிருந்தால் அன்றே அந்த எலியை ஆய்விலிருந்து எடுத்திருப்போம்.

டொக்டர் தரையில் உட்கார்ந்து, காலின் உயரத்துக்குத் தன் முகத்தை வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை.

"உப்புத் தண்ணியா?" என்றார் ஆமினா ராத்தா. "அல்லாஹ்வே! களவெடுக்கிறதெண்டா நல்லதப் பாத்துக் களவெடுக்கத் தெரியாதா இந்த மனிசனுக்கு? உப்புத் தண்ணி இந்தக் கடல்ல இல்லாததா?" அவர் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காக்கா மட்டும் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிரித்து முடிய, "எலிக்கு ரெண்டு நேரம் பாய் மாத்தினதாமே" என்றார் கணவரைப் பார்த்து. "எனக்கு?"

முக்காலியில் விரித்திருந்த துணியைப் பார்த்தேன். முந்தாநாள் துணி.

"என்ன செய்யச் சொல்றாய்? தொட்டா நோகும் எண்டு கத்துறாய். எலி கத்தாது" என்றார் காக்கா மெதுவாக.

ஆமினா ராத்தா தையலை மடித்து வைத்தார். "டொக்டர், உண்மையச் சொல்லுங்க. போனா வெட்டுவாங்களா?"

"தெரியாது ராத்தா. விரலைக் காப்பாத்த ஏலும் எண்டு என்னால சொல்ல ஏலாது. காலைக் காப்பாத்த ஏலுமோ எண்டு இண்டைக்குப் போய்க் கேக்கலாம். அடுத்த கிழமை போனா அதைக் கேக்கவும் தேவை இருக்காது."

வெளியே ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

"மிஸ் கூட வருவாங்களா?" என்று கேட்டார் ஆமினா ராத்தா. "வெட்டுறதெண்டா எது வரைக்கும் எண்டு அவங்க பாத்து எனக்கிட்டச் சொல்லணும். இந்த மனிசன் சொல்லமாட்டார். அழுவார்."

போனேன். என்ன பூசியது என்று வைத்தியர் கேட்டார். உறையில் இருந்ததை அப்படியே சொன்னோம். அவர் முகத்தில் ஓடிய எண்ணங்களை நாகரிகமாக மறைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஆமினா ராத்தா மயக்கம் தெளிந்து கண் திறந்ததும் என்னைத் தேடினார். நான் போர்வையை விலக்கி, என் சுட்டுவிரலை அவருடைய பாதத்தின் ஓரத்தில் வைத்துக் காட்டினேன். "இது வரைக்கும்தான் ராத்தா. மற்றது எல்லாம் இருக்கு." அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மிச்ச விரல்களை எண்ணிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஆய்வுகூடத்தில் எல்லாவற்றையும் எழுதினேன். டொக்டர் தன் பங்குக்குத் திறப்பு ஆணியில் தொங்கியதையும், கூடு பார்க்கிறவருக்குக் கண்கட்டிய ஆய்வு என்றால் என்ன என்று ஒருநாளும் உட்கார்ந்து விளங்கப்படுத்தாததையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். விசாரணைக்கு வந்தவர்கள் காக்காவை மூன்று மாதம் நிறுத்திவைத்தார்கள். வேலையிலிருந்து எடுக்கவில்லை. டொக்டரின் கையெழுத்து அதே பக்கத்தில் இருந்ததால், ஒருவரை எடுத்தால் மற்றவரையும் எடுக்க வேண்டியிருந்திருக்கும். ஆய்வை மறுபடி முதலிலிருந்து செய்தோம். இருபத்துநான்கு கூட்டுக்கும் நாளுக்கு இரண்டு முறை, வெயிலில் காய்ந்த உமி. வெறும் கரைசல் எலிகள் எல்லாம் முன்னையதைவிட விரைவாக ஆறின. பெப்டைட் எலிகள் அதைவிடக் கொஞ்சம் விரைவாக. கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சம் உண்மையானதா என்று தர்சினியும் மற்றவர்களும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தர்சினியின் அத்தானுக்கு அதற்குள் அவசரம்.

காக்கா அந்த மூன்று மாதமும் வீட்டில் இருந்தார். கிளினிக் தாதியிடம் கட்டுப் போடப் பழகினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். போகும்போதெல்லாம் ஆமினா ராத்தா அவரை ஏசிக்கொண்டிருப்பார். துணி சூடு, தண்ணி குளிர், கை பாரம். அவர் ஓம், ஓம் என்றபடி விரலுக்கு விரல் துடைத்து ஈரம் எடுப்பார்.

காயம் மூடிய பிறகு, ஊன்றலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். ஆமினா ராத்தா கட்டிலில் உட்கார்ந்தபடி எழும்பாமல் இருந்தார்.

"மிஸ், இந்த மனிசன அங்கால திரும்பி நிக்கச் சொல்லுங்க. நான் விழுந்தா இவர் பாக்கக் கூடாது."

காக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவர் மாதிரி. ஆமினா ராத்தா என் தோளைப் பிடித்து எழும்பினார். பிறகு தோளை விட்டார். ஓர் அடி வைத்தார். இடப்பக்கம் சரிந்து, சமாளித்து நிமிர்ந்தார். அப்படியே குசினி வாசல் வரைக்கும் போய், நிலையில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார்.

"இப்பத் திரும்பச் சொல்லுங்க."

காக்கா திரும்பினார். மனைவியை மேலிருந்து கீழே பார்த்தார். கண் பாதத்தில் போய் நின்றது. அவர் விறுவிறுவென்று கட்டிலடிக்குப் போய்க் குனிந்து எதையோ தேடினார்.

"வெறுங்காலோட நிக்கிறியே, உனக்கு விசரா?" என்று சத்தம் போட்டபடி செருப்புச் சோடியோடு ஓடிவந்து, மனைவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தார். "தூக்கு, தூக்கு காலை."

ஆமினா ராத்தா தூக்கினார்.